பிள்ளைக்குப் பொய் சொல்லாமல்

"உம்மா, எங்கட ஆக்களை ஏன் துரத்தினவங்கள்?"

முல்லைத்தீவு நீராவிப்பிட்டியிலோ ஹிஜ்ராபுரத்திலோ பிள்ளை வளர்க்கும் எந்த முஸ்லிம் தாயும் இந்தக் கேள்விக்கு ஒருநாள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மார்க்கத்தின் பழக்கவழக்கங்களை ஊரே சேர்ந்து பழக்கிவிடும். பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்கிறோம். ஏழாம் நாள் பெயர் வைத்து, முடி களைந்து, வசதியிருந்தால் அகீகா கொடுக்கிறோம். ஏழு வயதில் தொழ ஏவுகிறோம். பின்னேரம் குர்ஆன் மத்ரஸா, ஞாயிற்றுக்கிழமை அஹதிய்யா. குணத்தை மட்டும், முதலில் உண்மை பேசும் குணத்தை, வீட்டுக்குள்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது.

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. ஒரு தாய், "இங்கே வா, ஒன்று தருகிறேன்" என்று மகனைக் கூப்பிடுகிறார். என்ன கொடுக்க நினைத்தீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். பேரீச்சம்பழம் என்கிறார் அவர். ஒன்றுமே கொடுக்காமல் விட்டிருந்தால் அது உங்கள் மேல் ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்கிறார்கள் நபியவர்கள். அழுகிற பிள்ளையை அடக்க நாம் சொல்லும் சின்னப் பொய்யும் கணக்கில் வரும் என்றால், ஊரின் கதையை எப்படி மாற்றிச் சொல்வது?

அதனால் மகனுக்கு உள்ளதைச் சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் தங்கினார்கள். நான் அலிஃப், பே படித்ததும் அப்படி ஒரு கொட்டிலில்தான். போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் எங்கள் குடும்பம் ஊர் திரும்பியது.

இதோடு நிறுத்தினால் அதுவும் அரைப் பொய். வெளியேற்றப்பட்ட அன்று எங்களுக்காக அழுத தமிழ் அயலவர்களை என் உம்மா கடைசிவரை பெயர் சொல்லி நினைத்தார். அதையும் சொல்கிறேன். அவன் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் 2009இல் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களின் படங்கள் மாலையோடு தொங்குகின்றன. அதையும் அவன் அறிய வேண்டும்.

ஒரு கூட்டத்தார் மேல் உள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று சூரா மாயிதாவின் 8ஆவது வசனம் கட்டளையிடுகிறது. நீதியே இறையச்சத்துக்கு நெருக்கமானது என்றும் அங்கேயே வருகிறது. வன்னியில் வளரும் முஸ்லிம் பிள்ளைக்கு இதைவிட அவசரமான பாடம் இல்லை என்பேன். ஓதிக் கொடுத்தால் மட்டும் இது படியாது. நோன்புக் கஞ்சி வாளியைப் பக்கத்து வீட்டுத் தமிழ் அக்காவுக்கு அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். அந்த அக்காவை அவனும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறான்.

சூரா லுக்மானில் ஒரு தகப்பன் மகனுக்குத் தொழுகையையும் பொறுமையையும் சொல்லிவிட்டு, மனிதர்களை விட்டு முகத்தைத் திருப்பாதே, குரலைத் தாழ்த்திப் பேசு என்றும் சொல்கிறார். வாப்பாமாரே, மூத்தவர்களே, 1990ஐப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முழுதாகச் சொல்லுங்கள். சபிக்காமல் சொல்லுங்கள்.