உங்களுக்குத் தெரியுமா? அவசரக் கருத்தடையில் மாத்திரையை விட வலுவானது காப்பர்-டி!

பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் கர்ப்பத்தைத் தடுப்பதில் முதலிடம் மாத்திரைக்கு இல்லை, காப்பர்-டிக்குத்தான். 5 நாட்களுக்குள் கருப்பையில் பொருத்திக்கொண்டால் 99 சதவீதத்துக்கும் மேல் பலன். தீக்குச்சி நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் ‘டி’ அது. அதில் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியிலிருந்து கசியும் செம்பு, விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசம். 380ஏ வகையை அப்படியே விட்டுவைத்தால் 10 ஆண்டுகள் காக்கும்.

• மாத்திரை என்றால் (லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மி.கி.) 72 மணி நேரத்துக்குள். மூன்றாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன்.

• இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவே. ஏற்கெனவே கர்ப்பம் தரித்திருந்தால் அதைக் கலைக்காது. இந்த ஒரு குழப்பத்தால் மருந்துக்கடை வாசலில் தயங்கி நின்று, பொன்னான நேரத்தை இழக்கும் பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

• விழுங்கிய 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால், மறுபடியும் ஒரு மாத்திரை போட வேண்டும்.

• இன்று போட்ட மாத்திரை நாளைய உறவுக்குக் காவல் ஆகாது.

• 3 வாரமாகியும் மாதவிடாய் வரவில்லையா? சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.