பயிர் உட்கொள்ளும் நச்சுக்காற்று

மனிதரின் நுரையீரலை வாட்டும் புகை, வயலில் நிற்கும் பயிரையும் வாட்டுகின்றது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பயிர் இருமுவதில்லை, ஆகவே அதன் நோவு நம் செவிக்கு எட்டுவதில்லை.

இலையில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் பல உள்ளன. அவற்றின் வழியே பயிர் கரியமில வாயுவை உட்கொண்டு, கதிரொளியின் துணையால் உணவை ஆக்குகின்றது. அதே வழியே நீராவியை வெளிவிடுகின்றது. வறட்சி நேரின் துளைகளைச் சுருக்கி நீரைச் சிக்கனமாகக் காத்துக்கொள்ளும். படைத்தவரின் ஞானத்தை இங்கே காண்கின்றோம்.

இவ்வாயில் வழியேதான் ஓசோனும் நுழைகின்றது. வானின் உயரத்தில் நமக்குக் குடையாக நிற்கும் அதே வாயு, தரையருகே நஞ்சாகின்றது. வண்டிகளும் ஆலைகளும் உமிழும் நைட்ரஜன் ஆக்சைடுகள், ஆவியாகும் கரிமப் பொருள்களோடு வெயிலில் வினைபுரிவதால் அது பிறக்கின்றது. உட்புகுந்ததும் திசுக்களைச் சிதைத்து, இலையின் பசுமையை முன்கூட்டியே மங்கச் செய்கின்றது. துளைகள் சுருங்கினால் நஞ்சு குறையும். ஆனால் உணவும் குறையும். நெடுநாள் நஞ்சுண்ட சில பயிர்களிலோ, துளைகள் சோர்ந்துபோய், மூடவேண்டிய வேளையில் சரிவர மூடுவதில்லை. வறட்சிக் காலத்திலும் நீர் வீணே ஆவியாகின்றது.

நகரின் நடுவே புதிதாய் எழும் வண்டிப்புகையே ஓசோனைச் சிதைத்துவிடுகின்றது. காற்றோடு நகர்ந்தபின் நாட்டுப்புறத்திலேதான் அது மிகுதியாகச் சேர்கின்றது. புகைப்பவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர்!

சென்னையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அறிஞர் வீரபத்திரன் இராமநாதனை, 2004-இல் பாப்பிறை இரண்டாம் அருள் சின்னப்பர் வத்திக்கானின் பாப்பிறை அறிவியல் கழகத்தில் உறுப்பினராக்கினார். இவர் ஜெனிபர் பர்னி என்பாருடன் 2014-இல் வெளியிட்ட ஆய்வு நம்மைத் திடுக்கிடச் செய்கின்றது. தட்பவெப்ப மாற்றமும் காற்று மாசும் பெருகாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட, 2010-இல் இந்தியக் கோதுமை விளைச்சல் 36 விழுக்காடு வரை குறைந்திருந்ததாக அவர்கள் கணித்தனர். அவ்விழப்பில் பெரும்பகுதிக்கு ஓசோனும், வெயிலை மறைக்கும் புகைக்கரியும் காரணம் என்றனர்.

ஆயினும் இதில் ஓர் ஆறுதல் உண்டு. கரியமில வாயு நூற்றாண்டுகள் வானில் நிற்கும். புகைக்கரியோ சில நாள்களில், ஓசோன் சில வாரங்களில் அகன்றுவிடும். புகையைக் குறைத்தால் பயன் விரைவில் வயலுக்கு வரும். பாப்பிறை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடல், ஏழையரின் அடுப்புப் புகையையும் மறவாமல் குறிப்பிடுகின்றது.

நம் பங்குகளில் கல்லறைத் திருநாளுக்கு முன் சருகுகளைக் குவித்துத் தீயிடுகின்றோம். இவ்வாண்டு அவற்றை உரக்குழியில் இடலாமே.