சுவருக்குள் மறைந்திருக்கும் பொருத்துக்கள்
வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் பற்றிச் சில குறிப்புகள்

சூரிச் வாவிக்கரையிலுள்ள பியூர்க்லி சதுக்கத்தை அறியாத எம்மவர் அந்நகரில் இலர் எனலாம். அச்சதுக்கத்திற்குப் பெயரை ஈந்த ஆர்னோல்ட் பியூர்க்லி, ஒரு காலத்தில் நகரப் பொறியியலாளராக விளங்கியவர். 1867ஆம் ஆண்டு கொலரா நோய் சூரிச்சில் பல உயிர்களைக் கவர்ந்தது. அக்காலத்திலேயே அவரது வழிகாட்டலில் நகரின் கழிவுநீர்ச் சீர்திருத்தம் முன்னெடுக்கப்பட்டது. வேர்ட்ஹோல்ஸ்லி சுத்திகரிப்பு நிலையம் 1926இல் தான் இயங்கத் தொடங்கியது. செல்வம் கொழிக்கும் இந்நகரமும் இப்பாடத்தை உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றது.

நகரின் பெருங்கால்வாய்க்கு அரசு பொறுப்பு. வீட்டினுள் ஓடும் குழாய்க்கோ குடியிருப்பவரும் உரிமையாளருமே பொறுப்பு. அக்குழாயில் பழுது பெரும்பாலும் தோன்றுமிடம் பொருத்து ஆகும்.

குடிநீர்க் குழாயில் நீர் அழுத்தத்துடன் பாய்கின்றது. கசிவு ஏற்பட்டால் உடனே தெரிந்துவிடும். கழிவுநீரோ சரிவினால் மட்டும் வழிந்தோடுவது. அதன் கசிவு ஓசையற்றது. கீழ்மாடியில் வசிப்பவரின் கூரைத்தளத்தில் மஞ்சட் கறை படரும்போதே அது வெளிப்படும். ஆகவே நல்ல பொருத்து மூன்று பணிகளை ஆற்றவேண்டும். நீரும் துர்நாற்றமும் வெளியேறாது காத்தல் முதலாவது. அழுக்குத் தங்குமாறு உட்புறத்தில் விளிம்பு எதனையும் விடாதிருத்தல் இரண்டாவது. வெப்பத்தினால் குழாய் நீள்வதற்கு இடங்கொடுத்தல் மூன்றாவது.

எது எங்கே பொருந்தும்?

எமது தாயகத்தில் பழக்கமானது பிவிசி குழாயும் பசையும். அப்பசை வெறுமனே ஒட்டுவதில்லை. இரு மேற்பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகின்றது. ஆனால் சுவிஸ் வீடுகளில் பெரிதும் காணப்படும் கறுப்புநிறக் குழாய் பொலித்தீன் வகையைச் சேர்ந்தது. பிவிசி பசை இதனைக் கரைக்காது. எனவே பற்றவும் மாட்டாது. ஊரில் பழகிய கை இங்கே பிழை செய்யும் இடம் இதுவே.

பொலித்தீன் குழாயை உருக்கியே இணைக்கவேண்டும். இரு முனைகளையும் ஏறத்தாழ 210 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள தகட்டில் வைத்து இளக்கி, ஒன்றோடொன்று அழுத்துவது ஒரு முறை. மின்கம்பிச் சுருள் பதித்த உறையை மாட்டி மின்சாரம் செலுத்துவது மற்றொரு முறை. சுவருக்குள்ளும் கொங்கிறீற்றுக்குள்ளும் மறையும் குழாய்க்கு இவையே தகுந்தவை. இதற்குத் தேர்ச்சி பெற்ற தொழிலாளரே வேண்டும்.

இறப்பர் வளையம் கொண்ட செருகுப் பொருத்து எளிதானது. வேண்டுமாயின் கழற்றவும் முடியும். குழாயின் வெட்டுமுனையைப் பிசிர் நீக்கிச் சரிவாகச் சீவி, உரிய வழுக்குப் பசையோ சவர்க்கார நீரோ பூசிச் செருகவேண்டும். எண்ணெய் பூசினால் இறப்பர் கெட்டுவிடும். பொருத்தின் அகன்ற வாய் நீர் வரும் திசையை நோக்கியே இருத்தல் வேண்டும். ஆயினும் இப்பொருத்து இழுவிசையைத் தாங்காது. குழாயைச் சுவருடன் உறுதியாகப் பிணைக்கவேண்டும்.

பொலித்தீன் குழாய் ஒரு மீற்றருக்கு, 10 பாகை வெப்ப உயர்வில், ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளும். சுடுநீர் வழிந்து 40 பாகை உயருமாயின் 5 மீற்றர் குழாய் 4 சென்ரிமீற்றர் நீளும். இதனாலேயே மாடிவீடுகளின் நிலைக்குத்துக் குழாய்களில் நீண்ட கழுத்துள்ள விரிவுப் பொருத்து இடப்படுகின்றது.

குசினித் தொட்டியின் கீழுள்ள வளைகுழாய்க்குத் திருகுப் பொருத்தே சிறந்தது. அடைப்பு நேர்ந்தால் கையினால் கழற்றிக் கழுவலாம். பழைய கட்டிடங்களின் வார்ப்பிரும்புக் குழாயுடன் புதிய குழாயை இணைக்க, இரு அளவுகளுக்கும் பொருந்தும் இறப்பர் உறையும் துருப்பிடிக்காத உருக்குப் பட்டியும் உதவும்.

வாடகை வீட்டில்

சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 259ஆம் பிரிவின்படி சிறு துப்புரவும் சிறு திருத்தமும் குடியிருப்பவர் பொறுப்பு. தாம் திருத்தவேண்டியிராத பழுதுகளை உரிமையாளருக்கு அறிவிக்குமாறு 257ஜி பிரிவு பணிக்கின்றது. அறிவிக்கத் தவறினால் அதனால் விளையும் நட்டத்திற்குக் குடியிருப்பவரே பொறுப்பாவார். கசிவைக் கண்டும், மொழித் தயக்கத்தினால் மௌனமாயிருப்பது எம்மவர்க்குப் பெருஞ்செலவாக முடியலாம். எழுத்தில் அறிவித்து அதன் பிரதியை வைத்திருங்கள்.

ஊரில் வீடு கட்டுவோருக்கு

எம்மவர் பலர் இங்கு உழைத்த பணத்தில் யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகின்றனர். குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கற் பாறை. கழிவுநீர் அதனூடாக விரைவில் இறங்கும். கிணறும் அதே நீரையே தருகின்றது. சூரிச்சில் ஒரு பொருத்துக் கசிந்தால் அயலவரின் கூரை கெடும். அங்கே கசிந்தால் அயலவரின் கிணறு கெடும்.

எனவே மண்ணால் மூடுமுன் குழாயின் கீழ்முனையை அடைத்து நீர் நிரப்பிப் பாருங்கள். நீர்மட்டம் இறங்கினால் பொருத்துக்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரு மணி நேரப் பொறுமை பல தலைமுறைகளின் குடிநீரைக் காக்கும்.