உம்மம்மாவின் கையிலிருந்து பன்னைப் பறிக்காதீர்கள்

வயது எழுபதைத் தொட்டதும், "நீங்க சும்மா இருங்க உம்மா" என்று பிள்ளைகள் எல்லா வேலைகளையும் வாங்கிக்கொள்கிறார்கள். பாசத்தினால்தான். ஆனால் இயங்காத தசை முதுமையில் விரைவாகத் தேய்கிறது. கால் தளர்ந்தால் விழுவார்கள். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்.

கிழக்கிலே பன்பாய் இழைத்த கைகள் எத்தனை! பன்னை வெயிலில் காயவைத்து, சாயமேற்றி, எண்ணி எண்ணி இழைக்கும்போது கண், விரல், ஞாபகம் மூன்றும் சேர்ந்தே வேலை செய்கின்றன. முழங்கால் நோவென்றால் கதிரையிலிருந்தபடி சிறு பெட்டியொன்று இழைக்கட்டும், பேத்திக்கும் பழக்கட்டும்.

வாசிப்பும் அப்படித்தான். முந்திய தலைமுறைப் பெண்களிற் பலர் தமிழெழுத்து அறியாமலே அரபுத் தமிழைச் சரளமாக வாசித்தவர்கள். (அவர்களைப் படிக்காதவர்கள் என்றோமே!) அந்தக் கிதாபுகள் வீட்டில் கிடந்தால் தூசு தட்டிக் கொடுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிகிறதென்றால் கண்புரையா என்று வைத்தியரிடம் காட்டுங்கள். அது சத்திரசிகிச்சையால் நீக்கக்கூடியது.

சாப்பாட்டுக்கு அந்தந்தப் பருவத்தில் விளைவதே மலிவு. பலாக்காலத்தில் கொட்டையை அவித்துக் கொடுக்கலாம். சீனி வியாதி உள்ளவருக்குப் பழம் இரண்டு சுளையோடு போதும். மழைக்கு வல்லாரைச் சம்பலும், முள்ளோடு தின்னக்கூடிய நெத்தலியும் நல்லவை. வல்லாரையை ஆய்கிற வேலையை மட்டும் உம்மம்மாவிடமே விட்டுவிடுங்கள்.