தம் இனத்தின் தவற்றுக்குத் தாம் வருந்திய அத்தியட்சர்

மாத்தளை நகருக்குச் செல்பவர் எவரும் முத்துமாரியம்மன் ஆலயத்தின் வானளாவிய கோபுரத்தைக் காணாது திரும்புவதில்லை. மாசிமகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் வீதிவலம் வரும் காட்சியைக் காணச் சைவர் மட்டுமன்றிப் பிற சமயத்தவரும் தெருவோரங்களிற் கூடி நிற்பர். இந்நகரைத் தலைநகராகக் கொண்ட மாத்தளை மாவட்டம், அங்கிலிக்கன் திருச்சபையின் பிரிவுப்படி குருநாகல் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மறைமாவட்டத்தை 1962 முதல் 1983 வரை பரிபாலித்தவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அவர்கள். அன்னாரின் வரலாறு கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. சைவக் குடும்பத்திற் பிறந்த எம்போன்றோரும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கத் தக்கது.

துரைமாரின் ஆலயம்

கோப்பிப் பயிர்ச்செய்கை தழைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காடும் கரம்பையுமான வழியில் ஏறக்குறைய 150 மைல் நடந்து தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். மாத்தளை அவர்களுக்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்தது. அவர்களுடைய உழைப்பால் எழுந்த தோட்டங்களின் சொந்தக்காரர் வணங்கிய ஆலயமோ அங்கிலிக்கன் ஆலயம். ஆகவே, அத்திருச்சபை நெடுங்காலம் தேசாதிபதிகளினதும் தோட்டத் துரைமாரினதும் சபையென்றே பொதுமக்களால் எண்ணப்பட்டது.

இவ்வெண்ணத்தை மாற்ற முனைந்தவர் குருநாகலின் முதலாவது அத்தியட்சரான லக்தாச டி மெல் அவர்கள். 1950ஆம் ஆண்டு அப்பதவியை ஏற்ற அவர், சுதேசக் கட்டடக் கலையைத் தழுவிக் குருநாகலிற் பேராலயம் எழுப்பினார். வழிபாட்டிலே நாட்டின் இசைக்கும் இடமளித்தார். 1962இல் அவர் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நாடுகளுக்குரிய தலைமை அத்தியட்சராகிக் கல்கத்தாவுக்குச் சென்றபோது, அவரிடத்துக்கு வந்தவரே லக்ஷ்மன் விக்கிரமசிங்க.

கல்வியும் துறவும்

1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆம் நாள் பிறந்த லக்ஷ்மன், செல்வமும் செல்வாக்கும் நிறைந்த சிங்களக் குடும்பத்தின் மைந்தர். தந்தையார் சிவில் சேவையில் உயர்பதவி வகித்தவர். கொழும்பு றோயல் கல்லூரியிலும், இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் ஒக்ஸ்போர்ட் கீபிள் கல்லூரியிலும் பயின்ற அவருக்கு எந்த உத்தியோகமும் எட்டாக்கனியாய் இருந்திராது. ஆயினும் அவர் தெரிந்துகொண்டது குருத்துவப் பணியை. 1952இல் திருப்பணியாளராக அபிஷேகம் பெற்று, இலண்டன் மாநகரின் கிழக்கே தொழிலாளர் நெருங்கி வாழும் பொப்லர் பகுதியிற் பணியைத் தொடங்கினார். தாயகம் திரும்பியபின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவருக்கு ஆன்மீக வழிகாட்டியாய் விளங்கினார். அத்தியட்சராக உயர்த்தப்பட்டபோது அவருக்கு வயது 35.

கோட்பாட்டில் உறுதியான கிறிஸ்தவராயினும் பௌத்தத்தை ஆழக் கற்று, பிற சமயத்தவருடன் உரையாடுவதைத் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டார். இல்லறம் புகாது எளிமையாக வாழ்ந்தார்.

நீதியின் குரல்

அவர் பொறுப்பேற்ற மறைமாவட்டத்திலே சிங்கள விவசாயியின் வறுமையும் தோட்டத் தமிழரின் அவலமும் அருகருகே கிடந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென இரு அரசுகளும் முடிவு செய்தன. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பத்தாண்டு கழித்தே தீர்மானிக்கப்பட்டது. அம்மக்களிடம் எவரேனும் விருப்பம் கேட்டனரோ எனின், இல்லை. மக்கள் வெறும் தொகையாகக் கணக்கிடப்பட்ட அந்நாளில், தோட்டத் தொழிலாளரும் இந்நாட்டில் மானத்துடன் வாழும் உரிமையுடையோர் என வற்புறுத்தியவர்களுள் அத்தியட்சரும் ஒருவர்.

1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர் கொல்லப்பட்டும் சிறைப்பட்டும் துன்புற்றனர். அவ்வாண்டில் உருவான குடியியல் உரிமைகள் இயக்கத்தில் அவர் சேர்ந்துழைத்தார். பின்னாளில் அதன் தலைவருமானார். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபோதும், 1980இல் வேலைநிறுத்தஞ் செய்த பல்லாயிரம் ஊழியர் தொழிலிழந்தபோதும் அவ்வியக்கம் வாளாவிருக்கவில்லை.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒன்றைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். அக்காலத்தில் ஆட்சிபீடத்தில் இருந்தோர் அவருக்கு அந்நியரல்லர். சகோதரர் எஸ்மண்ட் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவுக்கு நெருங்கியவர். சகோதரர் மகன் ரணில் மந்திரிசபையில் இடம்பெற்றவர். அந்நியரைக் கண்டித்தல் எளிது. உறவினர் பங்குகொண்ட அரசைக் கண்டித்துவிட்டு, அவர்களோடு ஒரே பந்தியில் அமர்தல் அத்துணை எளிதன்று.

இறுதிச் சோதனை

1983ஆம் ஆண்டு ஆடி மாதம் நாடெங்கும் தமிழர் தாக்கப்பட்டனர். மாத்தளை நகரிலே தமிழரின் கடைகள் தீக்கிரையாயின. முத்துமாரியம்மன் ஆலயமும் தப்பவில்லை. அவ்வேளையில் அத்தியட்சர் உடல்நலம் குன்றி வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வந்தபின் அவர் ஓய்வு கொள்ளவில்லை. பாதிக்கப்பட்டோரைக் கண்டார், யாழ்ப்பாணம் சென்று தமிழ் மக்களின் நெஞ்சக் குமுறலைச் செவிமடுத்தார்.

பின்னர்த் தம் மறைமாவட்டப் பேரவைக்கு அவர் விடுத்த இறுதிச் செய்தி நம் நாட்டு வரலாற்றில் நிலைபெற வேண்டிய ஒன்று. தமிழ்த் தீவிரவாதிகளின் வன்முறையையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும், பாதுகாப்பற்ற தமிழ் மக்கள்மீது நிகழ்ந்த கொடுமையை எக்காரணத்தாலும் நியாயப்படுத்தவியலாதென்றும், சிங்களவர் என்ற முறையில் தாமும் வெட்கித் தலைகுனிந்து மன்னிப்புக் கோரவேண்டுமென்றும் எடுத்துரைத்தார். தாம் ஒரு கல்லையும் எறியாதவர், ஒரு வீட்டையும் எரியாதவர். எனினும் பிறர் செய்த பழியிலே தமக்கும் பங்குண்டென ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு ஒக்டோபர் 23ஆம் நாள், 56ஆம் வயதில், அவருடைய இருதயம் ஓய்ந்தது.

அவரது மறைவுக்குப் பின்னும் போர் 25 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அவர் சொல் கேட்கப்பட்டிருப்பின் எத்தனை உயிர்கள் எஞ்சியிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. எனினும் நல்லோர் சொல் முற்றாக வீணாவதில்லை. மாத்தளையில் ஆலயம் மீண்டெழுந்தது. தேர்கள் மீண்டும் ஓடுகின்றன.

பிறர் குற்றத்தைப் பட்டியலிட நம் எல்லோர்க்கும் இயலும். தம்மவர் குற்றத்தைத் தம்மவர் முன்னிலையிலேயே சொல்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். சிங்களவரோ, தமிழரோ, வேறெவரோ, அந்நெஞ்சுரத்தை நம் பிள்ளைகள் ஓரளவேனும் பெறுவாராயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.