கூடைக்கடியில் ஒரு நோயாளி

கொல்லைக் கோழியின் பல நோய்களுக்கு வீட்டு வைத்தியம் பலிக்கிறது. முற்றத்தையே காலிசெய்யும் ராணிகேத்திடம் மட்டும் அது தோற்றுப்போகிறது.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில் பீல் குடும்பங்கள் வளர்க்கும் கடக்நாத் கோழிக்குக் கொண்டை, தோல், இறைச்சி என்று எல்லாமே கறுப்பு. 2018இல் அதன் இறைச்சிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நகரத்து ஓட்டல்களில் நல்ல கிராக்கி. ஆனால் முற்றத்தில் அதை வளர்க்கும் பெண்ணுக்கு அது இறைச்சி என்பதைவிட ரொக்கம். பிள்ளைக்கு ஜுரம் கண்டாலோ, நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டியிருந்தாலோ கோழியின் காலைக் கட்டி வாரச்சந்தைக்கு எடுத்துப் போகிறார். வட்டி கிடையாது. கணவரிடம் கேட்க வேண்டிய அவசியமும் அநேகமாக இல்லை.

அப்படிப்பட்ட கோழி ஒரு காலையில் இரையெடுக்காமல், சிறகைத் தொங்கவிட்டு மூலையில் நின்றால் வீட்டில் கலவரம் ஏற்படுவது இயல்பு. இது ஜாபுவாவின் கவலை மட்டுமல்ல. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கொல்லைப்புறங்களில் இருந்த கோழிகள், வாத்துகள் உள்ளிட்ட பறவைகள் 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட இது சுமார் 46 சதவீதம் அதிகம். பண்ணைப் பறவைகளோ 4.5 சதவீதம்தான் பெருகியிருந்தன. இருந்தும், மாட்டுக்கு டாக்டரைத் தேடி ஓடும் குடும்பம்கூட கோழிக்காக ஓடுவதில்லை. போக்குவரத்துச் செலவே கோழியின் விலையைத் தின்றுவிடும். வைத்தியம் வீட்டோடுதான்.

அந்த வைத்தியம் ஏளனத்துக்குரியதல்ல. நோயுற்ற கோழியைத் தனியே கூடையில் கவிழ்த்து வைப்பது முதல் காரியம். தொற்றும் குறையும்; பலவீனமானதைக் கொத்தி விரட்டும் மற்ற கோழிகளிடமிருந்து பாதுகாப்பும் கிடைக்கும். கோழியின் இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். பட்டினி கிடக்கும் கோழியால் அந்தச் சூட்டைக் காத்துக்கொள்ள முடிவதில்லை. எனவே கீழே உலர்ந்த சாக்கு, காற்று அடிக்காத மூலை. தண்ணீரில் சிறிது வெல்லமும் சிட்டிகை உப்பும் கலந்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. அவசரப்பட்டு மடமடவென்று ஊற்றினால் நோய் கொல்லாத கோழியைத் தண்ணீர் கொன்றுவிடும்.

விடிந்ததும் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தடவிப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். இரவில் காலியாகியிருக்க வேண்டிய பை கல்லாக இருந்தால் புல்லோ நூலோ அடைத்திருக்கிறது என்று பொருள். கொண்டையிலும் கண்ணோரத்திலும் பொருக்குகள் கண்டால் அது அம்மை; கொசுக்கள் பரப்புவது. பொருக்கைப் பிய்க்காமல், கண்ணை உப்பு கலந்த வெந்நீர் ஆறிய பின் துடைத்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி வந்தால் வாய்க்குள் பரவாத கோழிகள் பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் விஷயம் வேறு: தரையை உலர வைத்து, அன்றே மருந்து வாங்க வேண்டும். அதற்காக வீட்டில் மிஞ்சிய ஏதோ ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடுவது வைத்தியமாகாது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கோழித் தீவனத்தில் கலந்துவந்த பழக்கத்தால் 2019இல் அரசு அதற்குத் தடைவிதிக்க வேண்டிவந்தது.

இத்தனை பக்குவமும் பலிக்காத இடம் ஒன்று உண்டு. குமாவோன் ரெஜிமென்டின் தலைமையகமாக விளங்கும் அழகான மலையூர் ராணிகேத்; அதன் துரதிர்ஷ்டம், ஒரு கொள்ளைநோய்க்கும் அதன் பெயரே நிலைத்துவிட்டது. 1920களின் பிற்பகுதியில் இங்கே அடையாளம் காணப்பட்ட நோயை, ஏறக்குறைய அதே சமயம் அது தலைகாட்டிய இங்கிலாந்து நகரின் பெயரால் உலகம் நியூகாசில் என்கிறது. தமிழ்நாட்டில் அது வெள்ளைக்கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கோழி வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும், கால் இழுக்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். இது வைரஸ். வந்த பின் குணப்படுத்த மருந்து கிடையாது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஒரே வாரத்தில் கிட்டத்தட்ட எல்லாமே மடிந்துபோகலாம். சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைத்த உருண்டையைக் கொடுப்பதில் தவறில்லை; அதை நம்பித் தடுப்பூசியைத் தவிர்ப்பதுதான் தவறு.

தடுப்பூசியோ புதிதல்ல. அதே குமாவோன் மலைகளில், முக்தேஸ்வரில், 1893 முதல் இயங்கும் கால்நடை ஆய்வு மையத்தில் 1940களில் உருவான ரகம்தான் ஆர்2பி. இன்றும் அதுவே சுமார் எட்டு வார வயதில் ஊசியாகப் போடப்படுகிறது. முதல் வாரத்தில் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா அல்லது எஃப் ரகம். மருந்தின் விலையும் அதிகமில்லை. சிக்கல் குப்பியில் இருக்கிறது. நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போதுமான அளவில்தான் அது பெரும்பாலும் வருகிறது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும்; கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைக்கு இது பிரச்சினையே அல்ல. எட்டோ பத்தோ கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு?

பத்துப் பன்னிரண்டு வீடுகள் ஒரே நாளில் சேர்ந்தால்தான் கணக்கு சரிப்படும். அதுவும் கோழிகளைத் திறந்துவிடும் முன், விடியற்காலையில். ஜார்க்கண்ட், பீகார், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் இந்த வேலையைச் செய்வது ‘பஷு சகி’ எனப்படும், பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். ஐஸ் போட்ட பிளாஸ்க்குடன் வீடுவீடாகப் போகிறார்கள். கோழிகள் சாகாத வருடத்தில் இவர்களுக்கு மவுசு குறைவு என்பது வேறு விஷயம். வெப்பத்தைத் தாங்கும் ஐ-2 தடுப்பு மருந்து ஆஸ்திரேலியாவில் கிராமத்துக் கோழிகளை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தீனியோடு சாப்பிடக்கூடிய குருணை வடிவில் தடுப்பு மருந்தைத் தயாரித்தது. குப்பியின் கணக்கைத் தளர்த்தும் வழிகள் இருக்கின்றன. முற்றம்வரை அவை வந்துசேர வேண்டும்.

தடுப்பூசி போடாத முற்றத்தில் நடப்பது வேறு. முதல் கோழி தலை சாய்ந்ததும் மற்றதெல்லாம் போவதற்குள் காசாக்கிவிடத் தோன்றுகிறது. தளர்ந்த கோழிகள் சந்தைக்குப் போகின்றன. சந்தையிலிருந்து வைரஸ் இன்னும் பல கிராமங்களுக்குப் போகிறது. ஏழைக் குடும்பத்தின் இந்த அவசரத்தைக் குற்றம் சொல்வது சுலபம்.

பறவைக் காய்ச்சலின் வருகைக்குப் பின் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் முதலில் தென்பட்ட அந்த நோய், 2008இல் மேற்கு வங்கத்தின் கொல்லைகளுக்கே வந்தது. ஏராளமான கோழிகளை அரசு ஊழியர்கள் அழித்தார்கள். கோழியை ஒளித்துவைத்த குடும்பங்களும் உண்டு. 2021 ஜனவரியில் ஜாபுவாவிலேயே ஒரு கடக்நாத் பண்ணையில் அது உறுதியானது. இரண்டு நோய்களின் ஆரம்பமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். பரிசோதனைக்கூடம்தான் பிரித்துச் சொல்ல முடியும். எனவே திடீரென்று பல கோழிகள் செத்தால் கூடையும் வெல்லத் தண்ணீரும் போதாது. வெறுங்கையால் தொடாமல், அறுக்காமல், கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும். ராணிகேத் என்று தெரிந்தால் செத்ததை ஆழமாகக் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதும், கூட்டைக் கழுவி வெயிலில் காயவிடுவதும் குடும்பத்தின் பொறுப்பு. சந்தையில் புதிதாக வாங்கும் கோழியை இரண்டு வாரமாவது தனியே கட்டிவைத்துப் பார்க்காமல் கூட்டத்தில் விடக் கூடாது.