எல்லைக் கோடும் இணையச் சூதும்

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையிலிருந்து சற்றுத் தூரம் சென்றால் புதுவை முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். 2023-ல் அமலுக்கு வந்த தமிழகத்து இணையச் சூதாட்டத் தடைச் சட்டமும் அந்தக் கோட்டோடு நின்றது. தொழிலாளியின் கைப்பேசிக்கு எல்லைக் கல் ஏது? சீட்டாட்டத்தை நடத்துகிறவன் எத்தேசத்தில் அமர்ந்து, எவருடைய லைசென்ஸைக் காட்டிப் பணம் பறிக்கிறான் என்பதை ஆடுகிறவன் அறியான்.

கனடாவில் மாண்ட்ரியல் நகருக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் நதியின் தென்கரையில், கானவாகே என்னும் சிறு பிரதேசம் உண்டு. அங்கு வாழும் மோஹாக் ஆதிகுடியினர், தங்களைத் தாங்களே ஆளும் உரிமையை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்று வாதிப்பவர்கள். அவர்களது சபை 1996-ல் சூதாட்டக் கமிஷனொன்றை நிறுவிற்று. 1999-ல் இணைய ஆட்டங்களுக்கு விதிகள் வகுத்து, அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கும் லைசென்ஸ் வழங்கலாயிற்று. அவ்வதிகாரம் மாகாண சர்க்கார்களுக்கே உரியதென்கிறது கனடாவின் குற்றச் சட்டம். வேறு இரு ஆதிகுடிச் சமூகத்தார் சம்பந்தப்பட்ட வழக்கில், சூதாட்டம் நடத்துவது பூர்விக உரிமையாகாதென்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் 1996-ல் தீர்ப்பளித்தது. எனினும் கமிஷன் நிலைத்து நிற்கிறது.

அந்நிய ஆட்சியின் கசப்பை அறிந்த நாம் அம்மக்களின் சுயாட்சிக் கோரிக்கையை ஏளனம் செய்வதற்கில்லை. ஆயினும் லைசென்ஸ் கொடுக்கும் உரிமை வேறு, ஆடுகிறவனுக்குக் காவல் நிற்பது வேறு. அக்கமிஷனின் லைசென்ஸ் பெற்ற அல்டிமேட் பெட் என்னும் போக்கர் தளத்தில், உள்ளாட்கள் எதிராளியின் சீட்டுக்களைப் பார்த்துக்கொண்டே ஆடிப் பல ஆண்டுகள் கொள்ளையடித்தனர். சந்தேகத்தைக் கிளப்பியவர்கள் தோற்ற ஆட்டக்காரர்களே! பின்னர்தான் கமிஷன் விழித்தது. 2008-ல் 15 லட்சம் டாலர் அபராதம் விதித்து, இழந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது.

நம் தேசத்திலும் மலைக்குடிகள் நிறைந்த நாகாலாந்து, திறமை ஆட்டங்களுக்கு லைசென்ஸ் வழங்கும் சட்டத்தை 2016-ல் கொண்டுவந்தது. ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா என்று கோர்ட்டுகளில் வழக்காடியவாறிருக்க, குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் அந்த வாதத்தையே ஒதுக்கிவிட்டு, எவ்வகையாயினும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் கூடாதென்று சட்டம் இயற்றிற்று. பணப் பட்டுவாடாவுக்குத் துணைபோவது பாங்குகளுக்கும் குற்றம். தேச முழுமைக்குமான இச்சட்டத்துக்குச் சேதராப்பட்டின் எல்லை பொருட்டன்று.

ஆனால் வெளிதேசத்து லைசென்ஸோடு திருட்டுத்தனமாக நுழையும் தளத்தில் ஏமாந்தவன் யாரிடம் முறையிடுவான்? கானவாகேயில் தாமதமாகவேனும் அபராதம் விதிக்க ஒரு சபை இருந்தது. புதிய சட்டம் ஆடுகிறவனைத் தண்டிப்பதில்லை; ஆகவே அவன் அச்சமின்றிப் புகார் செய்யலாம். இச்செய்தி எத்தனை தொழிலாளிகளுக்கு எட்டியிருக்கும்? புகாரை எங்கே, எவ்விதம் கொடுப்பதென்று தொழிற்பேட்டையின் ஒவ்வொரு வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டப் புதுவை சர்க்கார் முன்வர வேண்டும்.